ஆவுளியா ரத்தம் குடித்தவர்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்து, டீயும் பிஸ்கட்டும் வந்த பிறகு, பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். முதலையின் இரத்தத்தில் ஏதோ சூட்சுமம் இருக்கிறதாம், அதனால்தான் அது தண்ணீருக்குள் அவ்வளவு நேரம் கிடக்கிறதாம், அதை மனித இரத்தத்துக்குள் கொண்டுவந்தால் மனிதனும் நெடுநேரம் மூழ்கியிருக்கலாமாம், எங்கோ ஆராய்ச்சி நடக்கிறதாம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் சார் என்று கேட்டார். "எனக்கு முதலையோடு பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் சிரித்தீர்கள். திருமயம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதுதான் காரணம்.

உண்மையில் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. மிருகத்தின் இரத்தத்தைக் கொண்டு தண்ணீருக்குள் கூடுதல் நேரம் இருக்கப் பார்த்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் அதைக் குடித்தார். வைத்தியம் பார்த்தது நான். கால்நடை மருத்துவர்களாகிய உங்களுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன். உதவாவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஆவுடையார்கோவிலில் வேலை. அந்தப் பக்கமெல்லாம் அப்போது தஞ்சாவூர் மாவட்டம். புதுக்கோட்டை மாவட்டம் என்று ஒன்று பிற்பாடுதான் வந்தது. வாரத்தில் ஒரு நாள் மீமிசல் கடற்கரையில் முகாம். பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் சைக்கிள். கடற்கரையில் மாடு குறைவு, ஆடு அதிகம். ஆட்டைக் காட்ட வருகிறவர்கள் அப்படியே தங்கள் முழங்காலையும் காட்டுவார்கள். நான் ஆட்டை மட்டும் பார்ப்பேன். மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை என்பதில் அப்போது நான் மிகவும் கண்டிப்பானவன்.

அந்த ஆவணியில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சென்னையிலிருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கு விலங்கின் இரத்தம் எடுப்பதில் உதவ வேண்டும் என்று இருந்தது. என்ன விலங்கு என்று எழுதவில்லை. நான் எருமை என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர் மருத்துவக் கல்லூரியில் உடலியல் சொல்லிக்கொடுக்கும் டாக்டர். பெயர் வேண்டாம், தன் பெயரைப் பிறர் சொல்வது அவருக்குப் பிடிக்காது. மெலிந்த ஆள், கடற்கரை மணலிலும் ஷூவைக் கழற்றாதவர், சிரித்து நான் பார்த்ததில்லை. பெட்டி பெட்டியாகக் கண்ணாடிச் சாமான்கள் வந்து இறங்கின. "எந்த மிருகம் சார்?" என்று கேட்டேன். "கடல்பசு" என்றார்.

மீமிசல் பக்கம் அதை ஆவுளியா என்பார்கள். கடலுக்கடியில் புல் மேய்கிற, குட்டிக்குப் பால் கொடுக்கிற, மூச்சுவிட மேலே வந்து போகிற பெரிய மிருகம். இன்று அதைத் தொட்டால் ஜெயில். அன்று வலையில் விழுந்தால் ஊருக்கே கறி.

டாக்டரின் யோசனை நேரானது. குளிர்நாட்டுக் கடலில் சீல் என்றொரு மிருகம் இருக்கிறது. அதன் உடம்பில் இரத்தம் அதிகம், அந்த இரத்தத்தில் சிவப்பும் அதிகம். மேலே இழுத்த காற்றை அந்தச் சிவப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய் நிதானமாகச் செலவு செய்கிறது. நம் கடலில் சீல் இல்லை, ஆவுளியா உண்டு. அதன் இரத்தமும் அப்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், சங்கு குளிப்பவர்களும் கப்பற்படைக்காரர்களும் தண்ணீருக்குள் இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடிக்க என்றைக்காவது வழி பிறக்கும். இவ்வளவுதான். ஆனால் ஆவுளியா நாம் நினைத்த நாளில் வலையில் விழாது. டாக்டர் காத்திருந்தார். காத்திருந்த நாட்களில் வாத்து வாங்கி, அதன் தலையை வாளித் தண்ணீரில் அமுக்கி, நெஞ்சில் கைவைத்துப் பார்க்கச் சொன்னார். படபடவென்று அடித்த இதயம் தலை தண்ணீருக்குள் போனதும் அடக்கமாகிவிட்டது. தலையை எடுத்ததும் பழையபடி ஓடியது. சென்னையிலிருந்து பெரிய டாக்டர் வந்து வாத்தைக் குளிப்பாட்டுகிறார் என்று கடற்கரை முழுக்கச் செய்தி பரவியது.

வாத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் மட்டும் தினமும் வந்தார். கருப்பையா என்று பெயர். சங்கு குளிப்பவர். நாற்பது வயது இருக்கலாம், ஐம்பது மாதிரி இருந்தார். போன சீசனில் அவரை வேலைக்கு எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அங்கே ஆள் எடுக்கும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். தை பிறந்து கடல் அடங்கியதும் சம்மாட்டி படகை ஆழத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். குளிப்பவர் கயிறு கட்டிய கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். சம்மாட்டி கடிகாரம் பார்க்க மாட்டார். மடியில் இருக்கும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, வெற்றிலை எடுத்து, துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்து வாயில் போடுவார். வாயில் போட்ட பிறகு மேலே வந்தால் வேலை உண்டு. அதற்கு முன்னால் வந்தாலோ, கையில் அடிமண் இல்லாமல் வந்தாலோ இல்லை. கருப்பையா போன தையில், சம்மாட்டி நரம்பு கிள்ளிக்கொண்டிருக்கும்போதே மேலே வந்துவிட்டார்.

வேறு தொழில் அவருக்குத் தெரியாது. இன்னொரு தை போய்விட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று அவர் மனைவி செல்லம்மா ஒரு நாள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார். அதைக் கேட்டு நான் ஆட்டுக்கு ஊசி போட்டேன்.

கருப்பையா டாக்டரிடம் நேராகவே கேட்டார்.

"ஐயா, இந்த ஆவுளியா ரத்தத்துல உள்ள கொணம் மனுசனுக்கு வந்துச்சுன்னா, தண்ணிக்குள்ள கூட நேரம் இருக்கலாமுங்களா?"

டாக்டர் நன்றாக யோசித்துவிட்டு, "ஒரு காலத்துல அது நடந்தாலும் நடக்கும்" என்றார்.

ஆராய்ச்சிக்காரர் வாயில் இது மிகவும் அடக்கமான வாக்கியம். கேட்டவருக்கு அது உத்தரவாதம். நம் தொழிலிலும் இப்படித்தான். "பிழைத்தாலும் பிழைக்கும்" என்று ஒரு பசுவைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்துபாருங்கள், மறுநாள் என்ன கேட்கிறார்கள் என்று. கருப்பையாவை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கரையில் கடலாமை பிடித்தால் சூடு ஆறுவதற்குள் அதன் இரத்தத்தைக் குடிப்பார்கள். இழுப்புக்கு நல்லது, மூலத்துக்கு நல்லது என்பார்கள். ஆமை இரத்தம் குடித்து வளர்ந்த ஒருவரிடம், சென்னை டாக்டரே வந்து ஆவுளியா இரத்தத்தில் விஷயம் இருக்கிறது என்று சொன்னால், அவர் வேறு எந்த முடிவுக்கு வர முடியும்?

ஒரு காலை, என் முகாம் நாளன்றே, ஆவுளியா விழுந்தது. சம்மாட்டியின் வலை. டாக்டர் வேலை முடியும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும், முடிந்ததும் சம்மாட்டிக்கு என்று பேச்சு. இடுப்பளவுத் தண்ணீரில் ஏழெட்டுப் பேர் கயிறு போட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். டாக்டர் ஷூவோடு இறங்கினார்.

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஆவுளியாவுக்கு எந்த இடத்தில் ஊசி குத்துவது என்று இல்லை. தோல் மாட்டுத்தோலைவிடத் தடிமன். முதல் ஊசி வளைந்துவிட்டது. துடுப்பின் உட்பக்கம் விரலால் தடவித் தடவி, ஒரு வழியாக இரத்தம் வந்தது. பாட்டில்கள் நிறைந்தன. சிலவற்றில் இரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் உப்பு, சிலவற்றில் ஆக்சலேட் உப்பு. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். முதலாவது வயிற்றுக்குள் போனால் பாதகமில்லை. இரண்டாவது விஷம். பாட்டில்களைக் கரையில் ஈரமணலில் புதைத்துவைத்து, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார் டாக்டர். கருப்பையா முன்வந்தார்.

பிறகு டாக்டர் ஆவுளியாவின் மூக்கைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பிடிக்கச் சொன்னார். மூச்சு அடக்கியிருக்கும்போது ஒரு மாதிரி எடுக்க வேண்டும். நான் அதன் நெஞ்சுப் பக்கம் கைவைத்திருந்தேன். துடிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. வாத்து செய்த அதே வேலை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார் டாக்டர். ஒரு நேரத்தில் துடிப்பு ஒழுங்கு தவறியது. என் கைக்கு அது பிடிக்கவில்லை.

"தூக்கிவிடுங்க" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் டாக்டர்" என்றார் அவர்.

"தாங்கலாம் சார். தாங்கலைன்னா எனக்கு என்ன பண்ணணும்னு தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். மூக்கு மேலே வந்தது, பெருமூச்சு ஒன்று விட்டது. அந்த மூச்சு என் முகத்தில் புல்நாற்றத்தோடு அடித்தது. இறக்கப் போகும் மிருகத்துக்கு இந்தக் கரிசனம் எதற்கு என்று சம்மாட்டி கேட்டார். மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் செல்லம்மா கரையில் வந்து நின்றார். கத்தவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"ஐயா, அந்தப் பாட்டில்ல ஒண்ண எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டாரு. குடிச்சிட்டு வெத்தலை கேக்குறாரு. குடுக்கலாமுங்களா?"

டாக்டரின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். ஷூ தண்ணீரைக் கக்க அவர் ஓடினார். நான் ஓடினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இதை எப்படி விடுவார்கள்? அவர்களும் ஓடிவந்தார்கள்.

கருப்பையா பனைமர நிழலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிப் பாட்டில்.

"எந்தப் பாட்டில் குடிச்சீங்க? மேல என்ன எழுதியிருந்துச்சு?" என்றார் டாக்டர்.

"கழுவி வச்சிருக்கேங்க" என்றார் கருப்பையா. சுத்தமாகக் கழுவியிருந்தார். ஒட்டியிருந்த சீட்டும் கடல்தண்ணீரில் போய்விட்டது.

டாக்டர் மணலில் மண்டியிட்டு மிச்சப் பாட்டில்களைத் தோண்டி எடுத்து, எதில் ஒன்று குறைகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். வயதில் எனக்குப் பெரியவர், அறிவிலும் பெரியவர். ஆனாலும் அந்த இடத்தில் நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. இது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எது உள்ளே போயிருக்கிறது என்று தெரியாதபோது, போயிருப்பது மோசமானதுதான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். நல்லதாக இருந்தால் பிறகு உட்கார்ந்து சிரித்துக்கொள்ளலாம்.

ஆக்சலேட் நமக்குப் புதிதல்ல. சில செடிகளைத் தின்றுவிட்டு மாடுகள் அந்த விஷத்தோடு நம்மிடம் வரும். அது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், தசை வெட்டி இழுக்கும், இதயம் தடுமாறும். மாற்று, சுண்ணாம்புச் சத்தை உள்ளே கொடுப்பது. பக்கத்தில் செல்லம்மாவின் ஆடு நின்றது. அதைப் பிடித்து நானே ஒரு செம்பு பால் கறந்தேன். குட்டிக்கு அதில் உடன்பாடில்லை. சம்மாட்டியிடம் சுண்ணாம்பு கேட்டேன். அவர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, "திரும்ப வேணும்" என்றார். தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் துணியில் வடித்து எடுத்துக்கொண்டேன்.

கருப்பையா வாயைத் திறக்க மறுத்தார்.

"பாலு குடிச்சா கொணம் போயிரும்ங்க. நாலு மாசம் கழிச்சு நாங் கடல்ல எறங்கணும்."

"குடிக்கலைன்னா நாளைக்கே இருக்க மாட்டீங்க."

"பரவால்லைங்க."

செல்லம்மா அழ ஆரம்பித்தது அப்போதுதான். சத்தமில்லாமல், ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். விஷம் என்று விளக்கிச் சொல்லலாம். விளக்கம் உள்ளே இறங்க நேரம் எடுக்கும், விஷம் எடுக்காது.

"கருப்பையா, ஆவுளியா குட்டிக்குப் பால் குடுக்குற மிருகம்தானே?"

"ஆமாங்க."

"அப்ப அந்த ரத்தம் பாலோட சேந்தாத்தானே ஒடம்புல ஒட்டும்?"

அவர் யோசித்தார். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். சுண்ணாம்புத் தெளிவையும் குடித்தார். அன்று நான் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். மாட்டைக் கவனிப்பது போலத்தான். வேறு விதமாகக் கவனிக்க எனக்குத் தெரியாது. தசை துடிக்கிறதா என்று தோளைத் தொட்டுப் பார்த்தேன். நாடி பார்த்தேன். கை தன்பாட்டில் மேலே போய் அவர் கீழ் இமையை இழுத்தது.

இமையின் உட்புறம் வெள்ளையாக இருந்தது. கடலில் ஊறிய துணி மாதிரி.

உங்களுக்குத் தெரியும், குடற்புழு இரத்தத்தை உறிஞ்சிய ஆட்டைப் பட்டிக்குள் வைத்தே கண்டுபிடிக்க நமக்கு இமை போதும். பல நாட்களாக இந்த மனிதர் என் எதிரே நின்று வாத்து பார்த்திருக்கிறார். அவர் ஆடாக இருந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேன். டாக்டரும் பார்க்கவில்லை, அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணல் மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குதா?" என்றேன்.

"ஆமாங்க" என்றார் கருப்பையா.

"செங்கல்லு திங்குறாருங்க" என்றார் செல்லம்மா. "அடுப்புச் சாம்பலையும் திங்குறாரு. கேட்டா எம்மேல எரிஞ்சு விழுறாரு."

டாக்டர் தோண்டி முடித்துவிட்டு வந்தார். குறைவது ஆக்சலேட் பாட்டில்தான் என்றார். அதில் இருந்த அளவு ஆளைக் கொல்லாது, ஆனால் ஆட்டிவைத்திருக்கும் என்றும் சொன்னார். கறந்த செம்பைப் பார்த்தார், சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தார், அதன் மூடியைத் தேடி எடுத்து மூடினார். அவர் பாராட்டு அப்படித்தான் இருக்கும். நான் இமையை மறுபடி இழுத்துக் காட்டினேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கிடையில் கடற்பக்கமிருந்து சம்மாட்டியின் குரல் கேட்டது. கயிறு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. பிடித்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஆவுளியா போய்விட்டது. மூக்கை அமுக்கியபோது தடுமாறிய அந்த இதயம் இப்போது எங்கோ தண்ணீருக்குள் சீராக அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். நான் சந்தோஷப்பட்டேன் என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சம்மாட்டி கருப்பையாவைப் பார்த்த பார்வை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. "தையில வா, பாத்துக்குறேன்" என்றார்.

அன்று மாலையே டாக்டர் கண்ணாடிக் குழாய்களில் இரத்தத்தை விட்டு, அமிலம் கலந்து, நிறத்தை ஒப்பிட்டார். ஒன்றில் ஆவுளியா, ஒன்றில் நான் பிடித்துக் கொடுத்த எருமை, ஒன்றில் கருப்பையா. ஆவுளியாவின் இரத்தத்தில் அவர் தேடிய கூடுதல் சிவப்பு இல்லை. எருமைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பலமுறை செய்துபார்த்தார். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானா என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. "இல்லைங்கறதும் ஒரு பதில்தான்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். கருப்பையாவின் குழாய் பால் குறைந்த டீயின் நிறத்தில்கூட இல்லை. ஆவுளியாவின் பாதிக்கும் கீழே.

இதைக் கருப்பையாவிடம் சொன்னபோது அவர் முதன்முறையாகக் கோபப்பட்டார்.

"எருமைக்கும் கொறச்சலாங்க எனக்கு?"

"இப்போதைக்கு" என்றார் டாக்டர். "கொக்கிப்புழு. வெறுங்கால்ல மணல்ல நடக்குறப்ப காலு வழியா ஏறி, கொடல்ல தொங்கிக்கிட்டு ஒங்க ரத்தத்தைக் குடிக்குது. புழுவை எறக்கணும். பிறகு இரும்புச்சத்து மாத்திரை. ஆவுடையார்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"சீக்காளின்னு தெரிஞ்சா சம்மாட்டி படகுப் பக்கமே விட மாட்டாருங்க."

அது உண்மை. ஆகவே டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், செல்லம்மா போய் மருந்து வாங்கிவந்தார். இரும்பு மாத்திரையை நான் வாராவாரம் முகாம் பையில் கொண்டுபோனேன். செல்லம்மாவின் ஆடு அந்த நாலு மாதமும் என்னிடம் தவறாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டது. அதற்கு ஒரு வியாதியும் இல்லை.

டாக்டர் ஊருக்குக் கிளம்பும் நாளில் ஒரு காரியம் செய்தார். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, கருப்பையாவை மூச்சடக்கி முகத்தை அதில் வைக்கச் சொன்னார். ஒரு கையை என்னிடமும் ஒரு கையைச் செல்லம்மாவிடமும் கொடுத்து நாடி பார்க்கச் சொன்னார். முகம் தண்ணீருக்குள் போனதும் நாடி மெல்ல மெல்ல இறங்கியது. வாத்தும் ஆவுளியாவும் செய்ததைத்தான் இவரும் செய்தார். செல்லம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

கருப்பையா முகத்தைத் துடைத்துக்கொண்டதும் டாக்டர் சொன்னார்: "மிருகத்துக்கிட்ட உள்ள வித்தை ஒங்ககிட்டயும் இருக்கு. அதைத் தேடி நீங்க யார் ரத்தத்தையும் குடிக்க வேண்டாம். ஒங்க ரத்தம் ஒங்களுக்கு இருந்தாப் போதும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இமையைப் பாத்திருக்காட்டி, இவரை வச்சு நான் ஒரு கட்டுரை எழுதியிருப்பேன், இவரு சீக்காளின்னே தெரிஞ்சிருக்காது" என்றார். அதோடு பஸ் ஏறிவிட்டார்.

மார்கழி முடிவதற்குள், ஆவுளியா இரத்தம் கருப்பையாவுக்குப் பலித்துவிட்டது என்று கரை முழுக்கப் பேச்சு. சொன்னது அவரேதான். புழு இருந்தது என்று சொல்ல முடியாதல்லவா? மற்ற குளிப்பவர்கள் செல்லம்மாவிடம் வந்து ரகசியம் கேட்டார்கள். அவர், ரத்தம் இப்போது கிடைக்காது, ஆனால் முதலில் ஆட்டுப்பால் குடிக்க வேண்டும், பிறகு ஆஸ்பத்திரியில் புழு மருந்து வாங்கிக் குடித்து வயிற்றைத் தயார் செய்துகொள்ள வேண்டும், அப்போதுதான் என்றைக்காவது ரத்தம் கிடைத்தால் ஒட்டும் என்று சொல்லியிருக்கிறார். நாலைந்து பேர் அப்படியே செய்தார்கள். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தை வந்தது. அன்று எனக்கு முகாம் கிடையாது. லீவு போட்டுவிட்டுப் போனேன், வேடிக்கை பார்க்க என்று சொல்லிப் படகில் ஏறிக்கொண்டேன். கருப்பையாவின் முறை வந்தது. கல்லைப் பிடித்தார், இறங்கினார்.

சம்மாட்டி பெட்டியைத் திறந்தார்.

மற்றவர்களுக்கு அவர் வெற்றிலை மடித்த வேகத்தைப் பார்த்துவிட்டிருந்தேன். இப்போது முதல் வெற்றிலையை எடுத்தார், ஓட்டை இருக்கிறது என்று கடலில் போட்டார். அடுத்ததை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். திருப்பி மறுபக்கமும் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். நரம்பை நகத்தால் மெதுவாக உரித்தார். தப்பிப்போன ஆவுளியாவை அவர் மறக்கவில்லை என்று புரிந்தது. தண்ணீரில் கயிறு அசையாமல் நின்றது. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார். அதே டப்பா. தடவினார். போதவில்லை என்று இன்னொரு விரல் எடுத்துத் தடவினார். பாக்கைத் தேடினார்.

மேலே வா என்று மனசுக்குள் சொன்னேன். உடனே, வராதே என்றும் சொன்னேன். மூச்சு முடிந்த பிறகும் பிடிவாதமாக உள்ளே இருக்கக்கூடிய ஆள் அவர். "பரவால்லைங்க" என்று ஏற்கெனவே ஒருமுறை சொன்னவர். கையில் பிடித்துப் பார்க்க எனக்கு அங்கே நாடி இல்லை, இதயம் இல்லை. கயிறும் வெற்றிலையும்தான் இருந்தன.

சம்மாட்டி ஒருவழியாக மடித்தார். மடித்ததை வாயில் போடாமல், மறுபடி பிரித்துச் சுண்ணாம்பைப் பார்க்கப் போனார்.

நான் கை நீட்டி அதை வாங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

வாழ்நாளில் நான் போட்ட ஒரே வெற்றிலை அதுதான். சுண்ணாம்பு பட்டு நாக்கு வெந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. படகில் இருந்த அத்தனை பேரும் என் வாய் மெல்லுவதைப் பார்த்தார்கள். சம்மாட்டி என்னைப் பார்த்தார், காலியான தன் விரல்களைப் பார்த்தார். வெற்றிலை மடித்தாயிற்று, மென்றாயிற்று. அவரே வைத்த சட்டம். பெட்டியை மூடினார்.

தண்ணீர் இன்னும் அசையவில்லை. மென்றுகொண்டே இருந்தேன்.

பிறகு கயிறு ஆடியது. ஒரு தலை மேலே வந்தது. அந்த ஆவுளியா விட்டது மாதிரியே ஒரு மூச்சு விட்டார் கருப்பையா. ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த கறுப்பு மண்ணைச் சம்மாட்டியின் காலடியில் வைத்தார். எப்படி முடிந்தது என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார்.

"ஆவுளியா ரத்தம்ல" என்றார் கருப்பையா, எல்லாருக்கும் கேட்கும்படி.

பிறகு படகின் ஓரமாகவே நகர்ந்து என் பக்கம் வந்தார். மண் ஒட்டிய விரலால் தன் கீழ் இமையை இழுத்து, என் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டு மிதந்தார். உள்ளே நல்ல சிவப்பு.

ஆட்டைப் பார்ப்பது போலவே குனிந்து பார்த்துவிட்டு, வெந்த நாக்கோடு, "சரி" என்றேன்.